ஓடாத காருக்குப் பிணை நின்றவர்

எங்கள் அலுவலகத்தில் ஒரு கையெழுத்தின் விலை மீன் அடைத்த ஒரு பணிஸும் ஒரு பிளேன்டீயும். யாராவது கடன் எடுப்பதென்றால் பிணையாளி தேவை. அவர் நிரந்தர உத்தியோகத்தில் இருக்க வேண்டும், சம்பளச் சிட்டை காட்ட வேண்டும். வெளியுலகில் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிப்பது சிரமம். எங்கள் பிரிவிலோ பதினொரு பேர் சம்பளச் சிட்டையோடு கதிரைகளில் தயாராக இருந்தோம். ஆகவே நான் உனக்கு, நீ எனக்கு என்று நெடுங்காலமாக ஓர் ஏற்பாடு. பத்து மணித் தேநீருக்குப் படிவத்தைக் கொண்டுவந்தால் பகல் சாப்பாட்டுக்கு முன்னர் கையெழுத்து விழுந்துவிடும். கையெழுத்திடுமுன் படிவத்தை வாசித்த எவரையும் நான் கண்டதில்லை. வாசித்தால் கேட்டவரைச் சந்தேகிப்பதாக ஆகிவிடும். மருந்துப் போத்தலில் ஒட்டியிருப்பது வரைக்கும் அச்சில் வந்த எதையும் விடாமல் வாசிக்கிற நானும் அந்தப் படிவங்களை மட்டும் வாசித்ததில்லை.

இந்த ஏற்பாட்டில் எழுதப்படாத விதி ஒன்றும் இருந்தது. கையெழுத்துப் போட்ட பிறகு, ஒழுங்காகக் கட்டுகிறீரா என்று கேட்கக்கூடாது. விருந்துக்கு வந்தவரை வாசலில் மறித்துக் கைப்பையைத் திறந்து காட்டச் சொல்வது போன்றது அது. பிணை நின்றவர் மறந்துவிட வேண்டும், கடன் எடுத்தவர் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதில் முதல் பாதியை எல்லோரும் செவ்வனே செய்தோம்.

என் மேசைக்கு எதிர்மேசையில் இருந்தவர் கொழும்பில் கொட்டாஞ்சேனைக்காரர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். பதினேழு வருடங்களாக ஒரே மின்விசிறியின் காற்றைப் பங்கிட்டுக்கொண்டிருந்தோம். ஞாயிறு பூசைக்குப் போவதைப் போலத்தான் வேலைக்கும் வருவார், ஐந்து நிமிடம் முந்தி, அழுத்திய சேர்ட்டுடன். அவர் வீட்டுக் கூரை ஒழுகியபோது எடுத்த கடனுக்கு நான் பிணை. நான் கார் எடுத்தபோது அவர் பிணை. கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

கார் எனக்குத் தேவைப்பட்ட பொருளல்ல. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்துப் போகும் ஒழுங்கை ஒன்றில், நான்காம் மாடியில் குடியிருக்கிறேன். ஒரு பக்கம் நடந்தால் பஸ், மறுபக்கம் நடந்தால் ரயில். ஆனால் கட்டடத்தின் அடித்தளத்தில் என் வீட்டு இலக்கம் எழுதிய தரிப்பிடம் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. மற்றவர்களுடையவை எல்லாம் நிறைந்திருக்க, அது மட்டும் விழுந்த பல்லின் இடம்போலத் தெரிந்தது. நாற்பத்தைந்து வயதில் ஓர் ஆண்பிள்ளை செய்யக்கூடிய தவறுகளில் இதுவே மலிவானது என்று எனக்கு நானே சொல்லி, பழைய சிறிய கார் ஒன்றை லீசிங்கில் எடுத்தேன். லீசிங் கொம்பனிக்கு ஒரே ஒரு பிணையாளி போதுமாக இருந்தது. அண்ணன் கையெழுத்துப் போட்டார். பணிஸ் சூடாக இருந்ததாக ஞாபகம்.

அடுத்த வருடம் நாட்டில் பெட்ரோல் இல்லாமல் போனது. காலி நகருக்குப் போகும் காலி வீதியில் தொடங்கிய வரிசை எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பிக் கடற்கரை வீதி வரைக்கும் நீண்டது. இரண்டு தடவை அதில் நின்றேன். ஒரு தடவை எனக்கு முன்னால் ஏழாவது காரோடு பெட்ரோல் முடிந்தது. அதன் பிறகு காரை அடித்தளத்தில் விட்டு, துணியால் மூடிவைத்தேன். கடற்காற்று துணிக்குக் கீழாகவும் போகும் என்பது எனக்குத் தெரியாது. கதவுகளின் ஓரத்தில் துருப் பிடிக்கத் தொடங்கியது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஓடாத காருக்கு நான் எதற்குத் தவணை கட்ட வேண்டும்?

என் மனைவி இதை இவ்வளவு ஆழமாகச் சிந்திக்கவில்லை.

"கார் ஓடாட்டிலும் வட்டி ஓடுமெண்டு உங்களுக்கு விளங்கேல்லையோ?" என்றாள்.

"நாடே கடன் கட்ட ஏலாதெண்டு அறிவிச்சிட்டுது. நான் கட்டாமல் விட்டால் மட்டும் என்ன?"

"நாட்டுக்கு ஆர் பிணை நிண்டது? உங்களுக்கு அண்ணன் நிண்டவரெல்லோ."

"அது சும்மா ஒரு கையெழுத்து," என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் சொன்னபோது அவள் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டியதைச் சட்டிக்குள் தள்ளிவிட்டு அடுத்த காயை எடுத்தாள்.

நான்கு மாதம் கட்டவில்லை. காசு அடியோடு இல்லாமலில்லை. காஸ் சிலிண்டர், பால்மா, மெழுகுதிரி என்று எல்லாம் விலையேறியிருந்த காலம், கட்டாமல் விட்ட தவணை கையில் கிடைத்த கொடுப்பனவுபோல இருந்தது. லீசிங் கொம்பனியிலிருந்து ஒருவன் போனெடுத்துச் சிங்களத்தில் கதைப்பான். முதல் மாதம் நான் அவனுக்கு 'மாத்தயா', அதாவது ஐயா. இரண்டாம் மாதம் 'அய்யே', வெறும் அண்ணன். மூன்றாம் மாதம் எனக்கு எந்த விளிச்சொல்லும் இல்லை, எப்போது கட்டுவாய் என்பது மட்டும். அதன் பிறகு அவனுடைய இலக்கம் தெரிந்தால் போனைக் குப்புறக் கவிழ்த்துவைக்கப் பழகினேன். நான்காம் மாதம் அழைப்புகள் நின்றன. காரைப் பறிக்க ஆள் வருவான் என்று அடித்தளத்துக்கு இறங்கும்போதெல்லாம் தூணுக்குப் பின்னால் பார்ப்பேன். எவனும் வரவில்லை.

ஒரு மனிதனை விட்டுவிட்டார்கள் என்றால் அவன் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்க வேண்டும். என்னிடம் நல்ல விளக்கம் இருந்தது. தினமும் மின்வெட்டு நடந்த நாட்கள் அவை. கொம்பனியின் கம்பியூட்டர் 'க' வரிசை வரைக்கும் கடன்காரர்களைத் தேடிக்கொண்டு வந்ததாகவும், என் பெயருக்கு வருமுன் கரண்ட் போனதாகவும், மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியதாகவும், இப்படியே தினமும் எனக்கு முன்னால் இருப்பவனோடு கரண்ட் போய்க்கொண்டே இருப்பதாகவும் அலுவலகத்துச் சாப்பாட்டு மேசையில் கதை ஒன்று சொன்னேன். எனக்கு முன்னால் இருக்கும் அந்த அப்பாவிக்குத் தினமும் போன் வருவதைக் குரல் மாற்றி நடித்தும் காட்டினேன். ஒருவருக்குப் புரையேறியது. அண்ணனும் சிரித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தார்.

"தம்பிக்கு வாய் இருக்கு, பொழச்சுக்குவார்," என்றார்.

அந்தக் கதையை நீட்டி எழுதி ஒரு பத்திரிகையின் ஞாயிறு இதழுக்கும் கொடுத்தேன். சிறு சன்மானம் வந்தது.

பெட்ரோல் மறுபடியும் கிடைக்கத் தொடங்கியதும் தவணையைக் கட்டத் தொடங்கினேன். நான் விட்ட நான்கு மாதங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவற்றைக் கடைசியில் சேர்த்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன். கொம்பனி அனுப்பிய கடிதங்களை மின்கட்டணப் பட்டியல்களுக்கு நடுவில் திறக்காமல் செருகிவைத்தேன்.

இதற்கு ஒன்றரை வருடம் கழித்து அண்ணனின் வீட்டுக்கு ஆபத்து வந்தது. அது அவருடைய தகப்பன் கட்டிய வீடு, கொட்டாஞ்சேனையில் கோயில் மணி கேட்கிற தூரத்தில், பாதி அவருக்கும் பாதி கனடாவில் இருக்கும் தம்பிக்கும். துறைமுகத்துக்குக் கிட்ட இருப்பதால் அதைச் சாமான் அடுக்கும் களஞ்சியமாக்க ஒரு வியாபாரி முழு வீட்டுக்கும் விலை பேசியிருந்தார். தம்பிக்கு அங்கே அவசரமாகக் காசு தேவை. ஈஸ்டருக்குள் தன் பாதியை அண்ணனே வாங்கினால் சரி, இல்லாவிட்டால் விற்றுவிடுவோம் என்று சொல்லிவிட்டார். சண்டை எதுவும் இல்லை, கனடாவிலிருந்து எல்லாமே மரியாதையாகத்தான் வரும்.

அந்த வீட்டின் முன்னறையில்தான் அண்ணனின் மனைவி தைக்கிறார். நான் அவரை அக்கா என்பேன். தேவாலயத்தில் முதல் நன்மை எடுக்கும், அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் பெண்பிள்ளைகளின் வெள்ளை உடுப்பு என்றால் அந்தத் தேவாலயப் பங்கில் அக்காதான். உடுப்புக்கு அளவு கொடுக்க ஒருமுறை, போட்டுப் பார்க்க ஒருமுறை, எடுக்க ஒருமுறை என்று தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்து வந்து போவார்கள். வீட்டில் பாதி வருமானம் அந்த அறையிலிருந்து வந்தது. ஆகவே அண்ணன் ஒரு வங்கியில் கடனுக்கு விண்ணப்பித்தார். ஓய்வுபெற இன்னும் ஏழெட்டு வருடம் இருந்தது, சம்பளம் போதும். கிடைத்துவிடும் என்று எல்லோரும் நம்பினோம்.

ஒரு திங்கட்கிழமை அவர் என் மேசைக்கு வந்தார். "தம்பி, ஒரு அஞ்சு நிமிசம் கன்டீனுக்கு வாரீங்களா?"

அவரே பணிஸ் வாங்கினார், அவரே தேநீரும் வாங்கினார். யாருக்கோ கையெழுத்து வேண்டும்போல என்று நினைத்தேன். மேசையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு ஒரு மண்ணிறக் கடித உறையை வைத்தார்.

"லோன் தர மாட்டாங்களாம்," என்றார். "காரணம் கேட்டேன். இத எடுத்துப் பாருங்கன்னாங்க. பாருங்க தம்பி. கோவிக்காதீங்க."

அதுதான் அவருடைய கடன் அறிக்கை. நாம் எங்கே கடன் வாங்கினோம், எந்த மாதம் கட்டினோம், எந்த மாதம் எத்தனை நாள் பிந்தினோம் என்பதெல்லாம் ஓரிடத்தில் சேர்ந்துகொண்டிருக்கின்றன. எந்த வங்கியும் கடன் தருமுன் அதை எடுத்துப் பார்க்கும். இப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன், கண்டதில்லை. முதல் பகுதியில் அவருடைய கூரைக் கடன் இருந்தது. மாதத்துக்கொரு கட்டம், எல்லாக் கட்டத்திலும் பூச்சியம். ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. இவ்வளவு சுத்தமான பக்கத்தை நான் பள்ளிக்கூடத்திலும் கண்டதில்லை.

அதற்குக் கீழே இன்னொரு பகுதி, அவர் பிணை நின்ற கடன்கள். ஒன்றே ஒன்று, என் கார். அங்கேயும் மாதத்துக்கொரு கட்டம். முப்பது நாள், அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று இலக்கங்கள் ஏறின, உச்சியில் நின்றன, பிறகு மெல்ல இறங்கின. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொங்கும் காய்ச்சல் அட்டைபோல இருந்தது. காய்ச்சல் எனக்கு, கட்டில் அவருக்கு.

"இது எப்படி இறங்கினது?" என்று கேட்டேன். "நான் விட்ட மாதங்களை நான் கட்டேல்லையே."

அவர் ஏற்கெனவே கரைந்துவிட்ட சீனியைக் கலக்கினார். "அது, நான் கொஞ்சம் கட்டினேன்."

"எவ்வளவு?"

"நாலு மாசம்."

"நாலையுமோ?"

"முதல்ல கடிதம் வந்திச்சு தம்பி. நான் கணக்கெடுக்கல. அப்புறம் ஆளே வந்துட்டான், வீட்டுக்கு. அவ முன்னறையில பிள்ளைங்களுக்கு அளவெடுக்கிறா, தாய்மாரெல்லாம் நிக்கிறாங்க. நடுவுல நின்னுகிட்டு, கார இழுத்துட்டுப் போவோம், உங்க சம்பளத்துலயும் பிடிப்போம்னு சத்தம் போடுறான். கார இழுத்துட்டுப் போனா வெள்ளவத்தையில உங்க மரியாதை என்னாகிறது? சரின்னு கட்டிட்டேன். ஒரேயடியா ஏலல. கொஞ்சம் கொஞ்சமா."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே, அண்ணன்."

"சொல்லணும்னுதான் அன்னைக்கு வந்தேன். நீங்க சாப்பாட்டு மேசையில அந்தக் கதைய எடுத்துட்டீங்க. கம்பியூட்டருக்குக் கரண்ட் போச்சுன்னு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது? உங்கள நாலு பேருக்கு முன்னால ஒரு மாதிரி ஆக்கினதா போயிடாதா?"

என் கதைகளிலேயே நன்றாக எடுபட்டது அதுதான். கதையில் எனக்கு முன்னால் இருந்து என் அழைப்புகளை எல்லாம் வாங்கிக்கொண்ட அந்த அப்பாவி, உண்மையிலும் எனக்கு முன்னால்தான் இருந்திருக்கிறார், சோற்றுப் பார்சலுக்கு அந்தப் பக்கம்.

"ஒண்ணு மட்டும் செய்ங்க தம்பி," என்றார். "எல்லாம் கட்டியாச்சுன்னு கொம்பனியில ஒரு கடிதம் எடுத்துத் தாங்க. அதக் காட்டினா சரியாகிடும்."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அன்றைக்கே சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"காரை வில்லுங்கோ," என்றாள். "வித்துப்போட்டு முதல்ல அண்ணன்ரை காசைக் குடுங்கோ. மிச்சம் கொம்பனிக்கு. போதாட்டில் என்ரை காப்பைக் கொண்டுபோங்கோ."

ஒரு கிழமைக்குள் கல்கிசையில் ஒருவருக்கு விற்றேன். துருவைக் காட்டி அவர் குறைத்த தொகையோடு ஒரு காப்பும் போனது. கொம்பனியின் கடனை முழுதாக அடைத்தேன். அண்ணனின் நான்கு தவணைகளை உறையில் போட்டுக் கொடுத்தேன், எண்ணாமல் வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தார். கொம்பனி தந்த கடிதத்தில் பெரிய முத்திரை ஒன்று இருந்தது. குருவிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வெளியே வருபவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அன்று எனக்கு விளங்கியது. அரை நாள் விடுமுறை போட்டு இருவரும் வங்கிக்குப் போனோம்.

கடன் பிரிவில் இருந்தது ஓர் இளம் முஸ்லிம் பெண். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். அந்த விவகாரத்தில் எதையாவது வாசித்த முதல் ஆள் அவர்தான்.

"கடிதம் சரி சேர். கட்டி முடிச்சது இனி ரிப்போர்ட்டில விழும். ஆனா பிந்தின மாசங்கள் அப்படியே தான் ஈக்கும்."

"பிந்தினது நான், மிஸ். இவர் தன்ர காசிலை கட்டினவர்," என்றேன்.

"அது தான் சேர் எங்களுக்குக் கஷ்டம். பிணைக்கு நிண்டவர் ஒருக்காக் கட்ட வேண்டி வந்தா, இன்னொருக்காவும் வரலாம்டு தானே மேலிடத்தில பாப்பாங்க."

"பிழையெண்டு எழுதிக் குடுத்தால் திருத்துவினமோ?"

"பிழை எண்டாத் திருத்துவாங்க. இது பிழை இல்லையே சேர். உண்மையாப் பிந்தினது தானே." அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நாக்கில் புண் இருப்பதைச் சொல்லும் டொக்டரின் குரல் அது. "புது மாசங்கள் வர வர பழைய மாசங்கள் பின்னால போய் மறஞ்சிடும். கொஞ்சம் காலம் போகும்."

"எனக்கு ஈஸ்டர் வரைக்கும்தான் இருக்கு மகள்," என்றார் அண்ணன்.

அந்தப் பெண் மேசையிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். ஐந்து கிழமை இருந்தது. பிறகு, ரிப்போர்ட் சுத்தமாக உள்ள நல்ல பிணையாளிகள் இரண்டு பேரைக் கொண்டுவந்தால் விண்ணப்பத்தை இன்னொரு தரம் மேலே அனுப்பிப் பார்க்கலாம் என்றார். அண்ணனின் முகம் தெளிந்தது. இரண்டு கையெழுத்து. எங்கள் அலுவலகத்தில் அதற்கென்ன குறை.

அடுத்த நாள் பத்து மணிக்கு அவர் படிவத்தோடு எழுந்தார். எல்லோருக்கும் மீன் பணிஸ் சொல்லியிருந்தார். ஆனால் கதை முந்திக்கொண்டுவிட்டது. கன்டீனில் எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் கேட்டதை மற்றவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் போட்டவனின் பக்கத்திலும் கட்டங்கள் நிறையும் என்று அன்றுதான் எங்கள் பிரிவுக்குத் தெரிந்தது. முதலாமவர் படிவத்தை வாங்கினார், மூக்குக்கண்ணாடியைப் போட்டார், வாசித்தார். பதினேழு வருடத்தில் எங்கள் பிரிவில் வாசிக்கப்பட்ட முதல் படிவம் அது. மூன்று பக்கத்தையும் வாசித்தார்.

"மகன்ட படிப்புக்கு நானும் ஒரு லோன் போட இருக்கிறன் அண்ணன்," என்றார். "இப்ப ரிப்போர்ட்டிலை ஒண்டும் விழாமல் இருந்தால் நல்லம்."

"அதுக்கென்ன, பரவால்ல," என்றார் அண்ணன்.

இரண்டாமவர் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். மூன்றாமவர் தான் ஏற்கெனவே இரண்டு பேருக்கு நிற்பதை அன்றுதான் எண்ணிப் பார்த்திருந்தார். அண்ணன் மற்றவர்களிடமும் போனார், என் மேசையைத் தவிர எல்லா மேசைக்கும். என்னிடம் வந்து பயனில்லை என்று இருவருக்கும் தெரியும். பணிஸ்கள் வந்தன. எல்லோரும் சாப்பிட்டோம். அவ்வளவு சத்தமில்லாமல் அந்தப் பிரிவில் யாரும் தேநீர் குடித்ததில்லை. அவருடைய கூரைக் கடனின் அத்தனை பூச்சியங்களையும் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். வாய் இருக்கிறது என்று பெயரெடுத்த நான் குனிந்து தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நானே கடன் எடுத்து அவருக்குக் கொடுக்கலாம் என்று எண்ணி என்னுடைய அறிக்கையையும் எடுத்துப் பார்த்தேன். அவருடையதில் நான் ஒரு வரி. என்னுடையதில் பக்கம் முழுக்க நான்தான். என்றோ கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்ட கடனட்டை ஒன்று அங்கே உயிரோடு இருந்தது, வருடாந்தக் கட்டணத்தோடும் அது போட்ட குட்டிகளோடும். அட்டையை வெட்டினால் கணக்கு மூடப்பட்டுவிடும் என்று நம்பியிருந்தேன். சொந்தக்காரரிடம் சேர்க்க முடிந்ததையெல்லாம் சேர்த்து, மனைவியின் மிச்ச நகையையும் வைத்துக் கூட்டிப் பார்த்தோம். வீட்டின் பாதிக்கு அது எட்டவில்லை, பாதியின் பாதிக்கும் எட்டவில்லை. அதைக் கொண்டுபோய் நீட்டியபோது அண்ணன் வாங்கவில்லை.

"இத வாங்கினா உங்க வீட்டுலயும் அழுகை தம்பி. வுடுங்க."

கனடாத் தம்பி ஈஸ்டருக்கு அப்பால் ஒரு கிழமை அவகாசம் தந்தார். தனக்கும் அங்கே கடன் இருப்பதாகவும் ஒரு மாதம் பிந்தினாலும் தன் பெயர் கெட்டுவிடும் என்றும் எழுதியிருந்தார். அண்ணன் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். வாசித்துவிட்டு, "அவன் சொல்றதும் நியாயந்தானே," என்றார். வீடு வியாபாரிக்குப் போனது. கிடைத்த பாதியில் கொழும்புக்குள் ஒரு குளியலறைகூட வாங்க முடியாது. கொழும்புக்கு வெளியே ஜா-எலவில் இரண்டறை வீடொன்றை வாடகைக்கு எடுத்தார்கள்.

சாமான் ஏற்றும் சனிக்கிழமை உதவிக்குப் போனேன். எங்கள் பிரிவிலிருந்து வேறு யாரும் வரவில்லை, எல்லோருக்கும் அன்று ஏதோ கல்யாணம். வியாபாரியின் ஆட்கள் முன்னறைச் சுவரை அளந்துகொண்டிருந்தார்கள். தையல் மெசினின் மேசையை நானும் அண்ணனும் தூக்கினோம். வாசல்படியில் அது சிக்கியபோது அக்கா வந்து மேசையின் ஒரு காலைப் பிடித்தார்.

"தம்பி நல்லாக் கதை சொல்வீங்கன்னு இவர் வீட்டுல எப்பவும் சொல்வார்," என்றார். "இத எப்படிச் சொல்வீங்க?"

"சும்மா இரு," என்றார் அண்ணன். "தூக்குங்க தம்பி. மெல்ல."

லொறி புறப்படுமுன் அக்கா ஏழு பார்சல்களை என் கையில் தந்தார். அடுத்த ஞாயிறு முதல் நன்மை எடுக்கும் பிள்ளைகளின் உடுப்புகள். எல்லாம் அதே பங்கில், நடந்துபோகும் தூரத்திலுள்ள வீடுகள்; வெள்ளவத்தைக்குப் போகுமுன் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டார். ஒவ்வொன்றிலும் ஜா-எல முகவரியும் போன் இலக்கமும் எழுதிய ஒரு துண்டைக் குண்டூசியால் குத்தியிருந்தார். "கட்டாயம் முகவரியக் காட்டுங்க," என்றார். "இனி அங்க வரச் சொல்லுங்க."

முதல் வீடு கொச்சிக்கடைப் பக்கம் போகும் ஒழுங்கையில். தாய் கதவைத் திறந்தார். வாசலிலேயே உடுப்பை விரித்து, கழுத்து லேஸை விரலால் தடவி, ஓரத் தையலைப் புரட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு பிள்ளை போட்டுப் பார்க்க வேண்டும் என்று அழுதது.

"அருமையாத் தச்சிருக்காங்க," என்றார். "அவங்க கை யாருக்கும் வராது."

நான் துண்டைக் காட்டினேன். வீடு மாறிவிட்டார்கள், இனி அங்கேதான் தைப்பார்கள் என்றேன்.

அவர் துண்டைத் தூரப் பிடித்து வாசித்தார். "ஜா-எலயா? அளவு குடுக்க ஒருக்கா, போட்டுப் பாக்க ஒருக்கா, எடுக்க ஒருக்கா. பிள்ளையையும் இழுத்துக்கிட்டு யாரு மூணு தரம் பஸ் ஏறுறது?" துண்டைக் குண்டூசியோடு என்னிடமே தந்தார். "வர்ற வருசம் சின்னவளுக்கும் தைக்கணும். இங்க கிட்டத்துல வேற யாராவது தைக்கிறாங்களா, உங்களுக்குத் தெரியுமா?"

"நான் வெள்ளவத்தை," என்றேன். "எனக்குத் தெரியாது."

அவர் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். என் கையில் இன்னும் ஆறு பார்சல்கள் இருந்தன.